பிழை பூஜ்ஜியம் மீட்டர்

என் மனைவிக்கு நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது. மீதிப் பாதி வேலையை ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் செய்கிறது. வாரத்துக்கு இரண்டு, திங்களும் வியாழனும், ஆஸ்பத்திரி வண்டியில் வரும். ஆறு வருடமாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. சிலிண்டர்காரர் தெருமுனையில் இருக்கும் என் தையற்கடைக்கு எதிரே ஹாரன் அடிப்பார். நான் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே ஓடிப்போய் வீட்டைத் திறப்பேன். இதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. குழப்பமே இல்லாத இடத்தில்தான் ஓர் ஆணையத்துக்குத் தேவை இருக்கிறது என்பதை நான் அப்போது அறியவில்லை.

இருப்பிடத் துல்லிய ஆணையம் எங்களுக்குப் பின்தெருவில் எட்டு மாடி எழுப்பியது. முழுக்க முழுக்க நீலக் கண்ணாடி. எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அப்பால் நீதிமன்ற எழுத்தர் ஒருவரின் வீடு, அதற்கு அப்பால் தெரு, தெருவுக்கு அப்பால் அந்தக் கண்ணாடி. எழுத்தர் இரண்டு வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். மகள் வெளிநாட்டில். வீடு பூட்டியே கிடந்தது. ஆணையத்துக்குப் போகும் குறுக்குச் சந்து மதில் கட்டி அடைக்கப்பட்டுவிட்டதால் எங்கள் தெருவிலிருந்து பின்தெருவுக்குப் போக இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும்.

ஆணையத்தின் வேலை மிக எளிமையானது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆளை அனுப்பி, கைக்கருவியால் செயற்கைக்கோள்களைக் கேட்டு, அந்த வீடு உலகத்தில் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்வது. அதற்கு இருப்புப் புள்ளி என்று பெயர். அதன்பிறகு தபாலோ தீயணைப்பு வண்டியோ சிலிண்டரோ எல்லாம் அந்தப் புள்ளிக்குத்தான் வரும். வீட்டுக்கு வராது. இரண்டும் ஒன்றுதானே என்று நானும் நினைத்தேன்.

எங்களை அளக்க வந்தவர் ஒரு நடுப்பகலில் வந்தார். முன்வாசலில் வெயில் கொளுத்தியது. நேராக வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், சமையலறைக் கதவருகே சுவரை ஒட்டி நிழலில் நின்றுகொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஒரு கையில் தம்ளர், ஒரு கையில் கருவி. தண்ணீர் தீர்ந்தபோது அளவும் முடிந்திருந்தது.

"அவ்வளவுதானாங்க?" என்றேன்.

"திறந்த வெளியில இருபது நிமிஷம் நிக்கணும்னு விதி இருக்குங்க. ஆனா நிழல்ல நிக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதல" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் நன்றாக இருந்ததாகப் பாராட்டிவிட்டுப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை ஹாரன் சத்தம் வரவில்லை. கடையை மூடிவிட்டு வந்து வாசலிலேயே நின்றேன். மூன்று மணிக்கு என் மனைவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, முகமூடியை விலக்கி, "ஏங்க, பின்னாடி யாரோ என்னைக் கூப்பிடறாங்க" என்றாள்.

கேட்டேன். சுவருக்கு அப்பால், பூட்டிக் கிடக்கும் எழுத்தர் வீட்டுக்குள்ளிருந்து, ஓர் ஆண் குரல் நிதானமாகக் கூப்பிட்டது. "நோயாளி நாலாயிரத்துப் பதினேழு! நோயாளி நாலாயிரத்துப் பதினேழு!" அது இவளுடைய ஆஸ்பத்திரி எண். மூன்று முறை கூப்பிட்டது. பிறகு இரும்புக் கேட் சாத்தும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

"செத்துப்போனவர் வீட்லேர்ந்து என்னை எதுக்குக் கூப்பிடணும்?" என்று கேட்டாள். அவளிடம் ஏதோ வண்டிச் சத்தம் என்று சொன்னேன்.

ஸ்டூல் போட்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். எழுத்தர் வீட்டின் பக்கவாட்டுப் படியில், சருகுகளுக்கு நடுவே, எங்கள் சிலிண்டர் தனியாக நின்றுகொண்டிருந்தது. அதே நேரம் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. "சிலிண்டர் தங்களிடம் நேரில் ஒப்படைக்கப்பட்டது. தங்கள் புன்னகைக்கு நன்றி."

சுவரேறிக் குதித்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். வியாழக்கிழமை சுவர்மேலேயே உட்கார்ந்து காத்திருந்தேன். சிலிண்டர்காரர் எழுத்தர் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, பூட்டிய கதவைப் பார்த்து எண்ணைக் கூப்பிட ஆரம்பித்தார். நெஞ்சில் ஒரு கருவியைக் கட்டியிருந்தார்.

"ஆறு வருஷமா வர்றீங்களே, எங்க வீடு தெரியாதா உங்களுக்கு?" என்று மேலேயிருந்து கத்தினேன்.

அவர் தலைநிமிரவில்லை. "தெரியுங்க. எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது, இதுக்குத் தெரியணுமே" என்று நெஞ்சைக் காட்டினார். "புள்ளியை விட்டு மூணு மீட்டர் நகந்தா கத்துது. போன மாசம் ஒருத்தரை இதுக்காகவே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. தயவுசெஞ்சு பேசாதீங்க, பேச்சும் பதிவாகுது." பிறகு மீண்டும் கதவைப் பார்த்து மூன்றாவது முறையாகக் கூப்பிட்டு, கடமையை முடித்துக்கொண்டார்.

அதன்பிறகு எங்களைத் தேடி வந்தவர்கள் எல்லோரும் அந்த வீட்டுக்கே போனார்கள். தபால்கள் அந்தக் கதவின் இடுக்கில் நுழைந்தன. மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர் அங்கே கால்மணி நேரம் நின்று, "அமைதியான குடும்பம்" என்று எழுதிக்கொண்டு போனாராம். தினம் யாராவது சுவருக்கு அப்பால் கதவைத் தட்டி எங்களைக் கூப்பிடுவார்கள். என் மனைவி கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு கிடப்பாள். கூப்பிடுகிற குரல்களில் அவ்வளவு நிச்சயம் இருந்தது. சில நாள் எனக்கே, அந்தக் கதவு திறந்து நான் வெளியே வந்து பதில் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

ஆணையத்துக்குப் போனேன். பிழைகளுக்கு மூன்றாம் கவுன்ட்டர் என்று பலகை சொன்னது. அந்தக் கவுன்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தரை இருந்தது.

"மூணாம் கவுன்ட்டர் வெளியிலங்க, கார் நிறுத்தற இடத்துல" என்றார் வாசற்காவலர்.

விஷயம் இதுதான். ஊழியர்களின் வருகையும் புள்ளி மூலமாகத்தான் பதிவாகிறது. கண்ணாடிக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தால் கருவிக்கு வானம் தெரியாது, ஆளைக் கண்டபடி வெளியே தள்ளிவிடும். முதல் மாதம் முந்நூறு பேரும் வேலைக்கு வரவில்லை என்று பதிவானது. கருவி தவறு என்று சொன்னால் ஆணையமே தவறு என்று ஆகிவிடும். ஆகவே மேசைகளை எடுத்துப் புள்ளிகள் காட்டிய இடத்தில் போட்டார்கள். மூன்றாம் கவுன்ட்டர் இரண்டு கார்களுக்கு இடையே குடை பிடித்துக்கொண்டு நடந்தது. நான்காவது தோட்டக் குழாய்க்குப் பக்கத்தில். பதிவேட்டுப் பிரிவில் பாதி நடைபாதையிலும் பாதி சாக்கடை மூடியின் மேலும் இருந்தது. புள்ளிகள் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதால் மேசைகளைக் காலையில் நகர்த்துவதற்கென்றே பன்னிரண்டு பேர் நியமிக்கப்பட்டிருந்தார்கள். எட்டு மாடிக் கட்டடம் உள்ளே சுத்தமாக, குளிர்ச்சியாக, காலியாக இருந்தது. நடந்தால் என் செருப்புச் சத்தம் எனக்குப் பின்னால் வந்தது.

துணை ஆணையர் மட்டும் உள்ளே இருந்தார். அவருடைய புள்ளி தனி உத்தரவின் மூலம் நாற்காலியில் நிலைநிறுத்தப்பட்டிருந்தது. அவர் வீட்டில் தூங்கும்போதும் அது நாற்காலியில்தான் இருக்கும். என் மனுவை அன்போடு வாங்கிப் படித்தார்.

"உங்க புள்ளியோட எண்ணைப் பாத்தீங்களா? தசமத்துக்கு அப்புறம் பதினாலு இலக்கம். எறும்பு இருக்கே, அதோட மீசை நுனியைக்கூட இது தனியாக் காட்டும். உலகத்துல யாரும் பதினாலு குடுக்கறதில்ல."

"ஆனா சார், அது பக்கத்து வீடு."

"பதினாலு இலக்கத்துல எந்த இலக்கம் தப்புன்னு சொல்லுங்க, இப்பவே மாத்திடறேன்."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "சார், நான் தையல்காரன். டேப்பு வச்சு அளந்தாலும் முன்னப்பின்ன இருக்கும்னு துணியில ஓரம் விட்டுத்தான் வெட்டுவேன். உங்க அளவுல ஓரம் எவ்வளவு விடறீங்க?"

துணை ஆணையர் முகம் மலர்ந்தது. "அருமையான கேள்வி. ஓரம் இருந்துச்சு. புள்ளியைச் சுத்தி வெளிர்நீலத்துல ஒரு வட்டம். உண்மையான இடம் இந்த வட்டத்துக்குள்ள எங்கயாவது இருக்கலாம்னு அர்த்தம். கருவி மூணு மீட்டர்னு வட்டம் போட்டா, மூணு தடவைல ரெண்டு தடவை ஆள் அதுக்குள்ள இருப்பார்."

"மூணாவது தடவை?"

"அது வேற பிரிவு. இன்னும் தொடங்கல." மேசைமேல் கைகளைக் கோத்துக்கொண்டார். "யோசிச்சுப் பாருங்க. வட்டம்னா என்ன? சந்தேகம். ஒரு அரசாங்கம் குடிமக்களைப் பாத்து, நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்குச் சரியாத் தெரியலன்னு சொல்லலாமா? மக்களுக்கு எவ்வளவு அவமானம்? ஆணையர் வந்த முதல் நாளே வட்டத்தை எடுக்கச் சொல்லிட்டார். எடுத்த அன்னையிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு பிழைகூடப் பதிவாகல."

ஆனாலும் மனு மனுதான். மறுவாரம் ஆய்வாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. முன்வாசல் வெயிலைப் பார்த்தார்கள். விசாரிக்காமலே வழி தெரிந்தவர்கள் போலப் பின்பக்கம் போய், அதே நிழலில், அதே சுவரில் சாய்ந்து நின்றார்கள். கருவியைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். மறுபடியும் கருவியைப் பார்த்தார்கள்.

"நீங்க இங்க இல்லீங்களே" என்றார் நெட்டை.

"உங்ககிட்டதானே பேசிட்டிருக்கேன்?"

"பேசறீங்க, அதை மறுக்கல. இருக்கறதுதான் இல்ல."

குட்டை ஆய்வாளர் காதைத் தீட்டிக்கொண்டு, "உள்ள யாருங்க மூச்சு விடறது?" என்று கேட்டார்.

"என் மனைவி."

"பதிவுப்படி இந்த வீட்ல மூச்சு கிடையாது" என்று வருத்தத்தோடு சொன்னார். எதையோ எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். அவர்கள் போன பிறகுதான் படித்தேன். 'மனுதாரர் குறிப்பிட்ட முகவரியில் காணப்படவில்லை. விசாரணைக்கு மனுதாரர் முழு ஒத்துழைப்பு அளித்தார்.'

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராக ஆணையத்துக்குப் போனேன். வழி தவறி, கீழ்த்தளத்தில் கருவிகளைப் பழுதுபார்க்கும் அறைக்குள் நுழைந்துவிட்டேன். அங்கே ஒரு பெண், உதட்டில் இரண்டு திருகாணிகளைக் கவ்வியபடி, ஒரு கருவியைப் பிரித்துப் போட்டிருந்தாள். நான் கத்தியதையெல்லாம் கத்தி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு திருகாணிகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"பின்கதவுப் பக்கம், சுவரை ஒட்டி நின்னு அளந்தாங்களா?"

"ஆமா."

"நேரா வர வேண்டிய சிக்னலை உங்க வீடே மறைச்சிருக்கும். எங்க கண்ணாடியில பட்டுத் திரும்பி வந்ததைத்தான் கருவி கேட்டிருக்கும். சுத்தி வந்தா நேரமாகும். நேரமானா, தூரம் அதிகம்னு அது நினைச்சுக்கும். அதனால உங்களை எங்க கட்டடத்துப் பக்கமா நகத்தி வச்சிடுச்சு." எங்கள் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். "இருபத்திரண்டு மீட்டர். பாவம், கருவி அன்னிக்கே சொல்லியிருக்கு. முப்பது மீட்டர் வட்டம் போட்டு, எனக்கு நிச்சயமாத் தெரியலன்னு சொல்லியிருக்கு. அந்த வட்டத்தைத்தான் அழிச்சிடறாங்களே."

"அப்போ தப்பு உங்க கட்டடத்து மேலயா?"

"நான் அப்படிச் சொல்லல. இப்ப என் புள்ளி நடுரோட்டுல நிக்குது, அங்க மேசை போட முடியாதுன்னுதான் என்னை இங்க விட்டு வச்சிருக்காங்க. ரோட்டுல நிக்கறவ இங்க உங்ககிட்ட எப்படிப் பேசியிருக்க முடியும்?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "முன்வாசல்ல, வானம் தெரியற இடத்துல, பொறுமையா நின்னா சரியா வந்துடும். எங்க பிரிவை வெளிய அனுப்ப மாட்டாங்க. ஏதாவது வழி பண்றேன். அம்மாவை ஜாக்கிரதையாப் பாத்துக்கங்க."

ஆணையத்தில் ஒரே ஒரு நல்ல மனுஷி இருந்தாள், அவள் எங்களுக்கு உதவுவதாகச் சொன்னாள். நான் நிம்மதியாக வீடு திரும்பினேன்.

அந்த வாரமே சுற்றறிக்கை வந்தது. இருப்புப் புள்ளிகளிலிருந்து மருத்துவப் பொருள்களை அடையாளம் தெரியாத ஆள் ஒருவன் சுவரேறித் திருடிச் செல்வது கண்டறியப்பட்டுள்ளதாம். ஆகவே இனி நோயாளியே புள்ளியில் நேரில் இருந்து, கருவியில் கட்டைவிரல் பதித்தால்தான் சிலிண்டர். திருடனின் படத்தையும் போட்டிருந்தார்கள். கழுத்தில் டேப்பு தொங்கியது.

என் மனைவியால் சுவர் ஏற முடியாது. முதல் திங்கட்கிழமை வாடகை வண்டியில் இரண்டு கிலோமீட்டர் சுற்றி அழைத்துப்போனேன். வெயிலில் எழுத்தர் வீட்டுப் படியில் உட்கார்ந்து விரலைப் பதித்தாள். வியாழக்கிழமையும் போனோம். திரும்பி வரும்போது அவள் உதடு நீலமாக இருந்தது. இன்னொரு தடவை இப்படி அலைந்தால் நான் இவளை இழந்துவிடுவேன் என்று தெரிந்துபோனது. அன்று சமையலறையில் நின்று அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எழுத்தரின் மகளைப் போனில் பிடித்தேன். முழுக்கதையையும் சொல்லி, அவர்கள் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"தாராளமா இருங்க அண்ணா. சாவி மீட்டர் பெட்டிக்குள்ள இருக்கு. வாசல் அறையை மட்டும் விட்டுடுங்க, அங்கதான் அப்பா உக்காந்து எழுதுவார்" என்றாள்.

கட்டிலையும் சிலிண்டரையும் ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக் குடிபோனோம். எழுத்தருடைய கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கியது. நாற்காலித் திண்டில் அவர் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. மேசைமேல் மூக்குக்கண்ணாடி மடித்து வைத்திருந்தது. நான் தண்ணீர் பிடிக்கப் போனபோது பக்கத்து வீட்டுப் பெண்மணி என்னைப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். இரண்டு வருடமாக இருட்டிக் கிடந்த வீட்டில் விளக்கு எரிந்தால் யாருக்குத்தான் பேச வரும்?

என் மனைவியின் கட்டிலைப் பின் ஜன்னலோரம் போட்டேன். அங்கிருந்து சுவருக்கு மேலே எங்கள் சமையலறையின் கூரையும் கதவின் மேல்பாதியும் தெரிந்தன. அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஏங்க, இங்கேர்ந்து பாத்தா நம்ம வீட்ல நாம இருக்கற மாதிரியே இருக்கு" என்றாள் ஒரு நாள். "நான் உள்ள படுத்திருக்கேன், நீங்க கதவைத் திறந்துட்டு வெளிய வரப் போறீங்க. அப்போ இங்க கிடக்கறது யாரு?"

"சும்மா இரு" என்றேன். ஆனால் அன்று மாலை விளக்கை ஏற்றப் போகாமல் நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கதவைப் பார்த்தேன்.

ஆணையத்துக்கு மட்டும் பரம திருப்தி. சிலிண்டர்காரர் மூன்று முறை கூப்பிடத் தேவையில்லாமல் முதல் முறையே கதவு திறந்தது. தலை குனிந்தபடியே விரல்பதிவை வாங்கிக்கொண்டு போவார். தங்க நிற முத்திரை வைத்து ஒரு கடிதம்கூட வந்தது. 'தங்கள் இருப்பு சீர்செய்யப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

இப்படி ஐந்து வாரம் ஓடியது.

ஆறாவது வாரம், ஒரு விடுமுறை நாள் காலையில், பழுதுபார்க்கும் பெண் யாருக்கும் சொல்லாமல் ஒரு கருவியை எடுத்துக்கொண்டு எங்கள் பழைய வீட்டுக்கு வந்திருக்கிறாள். கதவு பூட்டியிருந்ததைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறாள். முன்வாசலில், கொளுத்தும் வெயிலில், இருபது நிமிடமல்ல, ஒரு மணி நேரம் நின்று அளந்திருக்கிறாள். பதிவுக்குள் நுழைந்து எங்கள் புள்ளியைச் சரியாக எங்கள் வாசற்படியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவுக்குக் கீழே ஒரு சீட்டைச் செருகிவிட்டுப் போயிருக்கிறாள். 'சரி பண்ணிட்டேன். அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க.' ஆணையத்தின் சரித்திரத்தில் முழு மனதோடு செய்யப்பட்ட ஒரே வேலை அதுதான். அந்தச் சீட்டை நான் அப்போது பார்க்கவில்லை.

வியாழக்கிழமை சிலிண்டர் வர வேண்டிய நேரம் மூன்று மணி. மூன்றே காலுக்குப் பழைய சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. மூன்றரைக்கு இவளுடைய தோள்கள் மூச்சுக்காக ஏறி இறங்க ஆரம்பித்தன. நான் கேட்டுக்கும் கட்டிலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். அப்போது சுவருக்கு அப்பால், எங்கள் சொந்த வீட்டு வாசலில், ஹாரன் அடித்தது.

"நோயாளி நாலாயிரத்துப் பதினேழு!"

என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேச முடியவில்லை. கண்ணால் அந்தப் பக்கத்தைக் காட்டினாள்.

எழுத்தரின் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சுவர்மேல் தலையை நீட்டிக் கத்தினேன். சிலிண்டர்காரர் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடிவந்தார். வந்ததும் நெஞ்சிலிருந்த கருவி வீறிட்டது. 'புள்ளியை விட்டு விலகிவிட்டீர்கள். புள்ளியை விட்டு விலகிவிட்டீர்கள்.'

"மாறிடுச்சாங்க? நீங்க அங்க, புள்ளி இங்க!" அவருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "அம்மாவைக் கூட்டிட்டு வந்து விரலை வைக்கச் சொல்லுங்க, குடுத்துடறேன்."

"ரெண்டு கிலோமீட்டர் எப்படிங்க கூட்டிட்டு வர்றது? மூச்சு நின்னுடும். இப்படித் தூக்கிக் குடுங்க, உங்க காலைப் பிடிச்சுக்கறேன்!"

கருவி வீறிட்டுக்கொண்டே இருந்தது. அதற்கு நடுவே ஜன்னலிலிருந்து அவள் மூச்சிழுக்கும் சத்தமும் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். ஒரு கணம் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு திரும்பி முன்வாசலுக்குப் போய்விட்டார். கருவி அமைதியானது.

என் வாழ்க்கையில் ஒரு மனிதனை நான் அவ்வளவு வெறுத்ததில்லை.

ஒரு நிமிடம் இருக்கும். சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் மறுபடியும் வந்தார். கருவி கத்தவில்லை. நெஞ்சில் கருவியே இல்லை.

"கழட்டி உங்க வாசப்படியில வச்சிட்டேன். அது புள்ளியில நிக்கட்டும்" என்று மூச்சு வாங்கச் சொன்னார். பின்கதவருகே கிடந்த தொட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினார். அவர் கீழேயிருந்து தள்ள, நான் மேலேயிருந்து இழுத்து, சிலிண்டர் சுவரைத் தாண்டியது. நான் ஓடிப்போய் மாட்டினேன். அவள் நெஞ்சு மெல்ல அடங்கியது, உதட்டுக்கு நிறம் திரும்பியது. காலி சிலிண்டரைக் கொண்டுவந்து நீட்டினேன்.

அவர் உடனே போகவில்லை. தொட்டிமேல் நின்றபடி கைகளைப் பார்த்துக்கொண்டார். "பதினோரு வருஷமா வேலை பாக்கறேன். இந்த நிமிஷம் நான் எங்க இருக்கேன்னு யாருக்கும் தெரியாதுங்க. ஒரு மாதிரி லேசா இருக்கு." பிறகு குரல் இறங்கியது. "வண்டியில எப்பவும் கூடுதலா ரெண்டு ஏத்துவாங்க, எண்ண மாட்டாங்க. திங்கக்கிழமை வர்றேன். வெளிய மட்டும் தெரியக் கூடாது. எனக்கு மூணு பிள்ளைங்க."

"என் உயிர் போனாலும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

எங்கள் வாசற்படியில் கருவி ஒரு மணி நேரத்துக்குமேல் தனியாக இருந்தது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இதுதான். புள்ளி சரி. நோயாளி புள்ளியில் இருக்கிறாள். மூன்றரையிலிருந்து விரல் வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கணக்குப்படி பழைய சிலிண்டர் தீர்ந்து இவ்வளவு நேரமாகிறது. நாலு மணி நாற்பது நிமிடத்துக்கு அது செய்ய வேண்டிய பதிவைச் செய்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை சுவருக்கு அப்பால் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. ஸ்டூலில் ஏறிக் கண் மட்டும் தெரிய எட்டிப் பார்த்தேன். வீட்டுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவிலுள்ள சந்து வழியாக எங்கள் வாசலும் தெருவும் தெரிந்தன. ஆணையம் முழுக்க வந்திருந்தது. அவரவர் புள்ளிப்படி நாற்காலி போட்டிருந்ததால் சிலர் அடுத்த வீட்டு மாடிப்படியிலும் ஒருவர் மரத்துக்குப் பின்னாலும் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் படியில் வட்டமான பித்தளைத் தகடு ஒன்றைப் பதித்திருந்தார்கள். ஆணையர் ஒலிபெருக்கியில் பேசினார்.

"இந்த வீட்டு அம்மையார் சென்ற வியாழக்கிழமை, நாலு மணி நாற்பது நிமிடத்துக்கு, இந்தப் படியில், இந்தப் புள்ளியில் நம்மை விட்டுப் பிரிந்தார். பிழை பூஜ்ஜியம் மீட்டர். ஆணைய வரலாற்றில் ஒரு குடிமகள் தன் புள்ளியிலிருந்து ஒரு விரற்கடைகூட விலகாமல் காலமாவது இதுவே முதல் முறை. பூமியில் யாரும் பிழையே இல்லாமல் இருக்க முடியாது என்று நிபுணர்கள் சொன்னார்கள். இருக்க முடியாதுதான். இறக்க முடியும் என்று நாம் நிரூபித்திருக்கிறோம்."

கைதட்டினார்கள். துணை ஆணையர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடல் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பதினான்கு இலக்கத்தில் அதற்கு இடமில்லை போலிருக்கிறது. கூட்டத்துக்குப் பின்னால், ஓரமாக, பழுதுபார்க்கும் பெண் நின்றிருந்தாள். அவள் மட்டும் தகட்டைப் பார்க்கவில்லை. பூட்டிய கதவைப் பார்த்து, தான் தாமதமாக வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள்.

என்னால் தாங்க முடியவில்லை. உயிரோடுதான் இருக்கிறாள், இதோ இங்கே இருக்கிறாள் என்று கத்த வாயைத் திறந்தேன். அந்தப் பெண்ணுக்காவது சொல்ல வேண்டும். சொன்னால், சிலிண்டர் இல்லாமல் மூன்று நாள் எப்படி உயிரோடு இருந்தாள் என்று அடுத்த கேள்வி வரும். சிலிண்டர்காரர் போய்விடுவார். அவரோடு திங்கட்கிழமையும் போய்விடும். இவள் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் இவள் செத்தவளாகவே இருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டேன். ஒரு தும்மல் வந்தது, அதையும் விழுங்கினேன்.

கீழே இறங்கி உள்ளே போனேன். ஒலிபெருக்கிச் சத்தம் அவளுக்கும் கேட்டிருந்தது, ஆனால் வார்த்தைகள் புரியவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் காதோரம் மெதுவாகச் சொன்னேன். நேரம், தகடு, கைதட்டல், அந்தப் பெண்ணின் அழுகை. இனி ஜன்னலைத் திறக்கக் கூடாது, சத்தமாக இருமக் கூடாது என்றும் சொன்னேன்.

முகமூடியை விலக்கினாள். "எந்த இடத்துல செத்தேன்னு போட்டிருக்காங்க?"

"நம்ம வீட்லதான். வாசப்படியில."

முகமூடியை மறுபடி வைத்து ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். பிறகு, "பரவால்ல" என்றாள். "நானாவது வீட்டுக்குத் திரும்பிட்டேனே."